மேலே ஏறுற வண்டிக்கு வழி விடு!

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். 28 வருஷ சர்வீஸ். முக்கால்வாசி வத்தலக்குண்டு-கொடைக்கானல் ரூட். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார், சைக்கிள் சொல்லிக்கொடுத்தார். டிரைவிங் மட்டும் ஊஹூம்! "ஸ்டீயரிங் என்னோட போகட்டும். நீ பேனாவைப் பிடி" என்று பி.காம். சேர்த்துவிட்டார்.

பிடித்தேன். ஆனால், அவர் நினைத்த மாதிரி பேங்க்கில் உட்கார்ந்து அல்ல. இப்படிப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டு! 'பையன் என்ன பண்றான்?' என்று யாராவது கேட்டால், 'முயற்சி பண்ணிட்டிருக்கான்' என்பார் அப்பா. எனக்கு வயசு முப்பத்தேழு, சார்!

டிரைவிங்கை ஒரு ஸ்கூலில் காசு கட்டிக் கற்றுக்கொண்டேன். நான் ஓட்டும் வண்டியில் அப்பா ஏறமாட்டார். தப்பித்தவறி ஏறினால், தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். நான் என்றில்லை, யார் ஓட்டினாலும் சரி... அடுத்தவர் வண்டியில் அப்பா கண்ணசந்ததாகச் சரித்திரமே கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் போன வருஷம் ஜூனில் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டு இங்கிலாந்துக்கு அழைத்தாள். லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் வீடு. மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே ஒரு வருஷம் செல்லும் மாப்ளே. கடலோரமா நாலு நாள் சுத்திட்டு வாங்க" என்று பழைய கியர் வண்டியின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். இன்ஷூரன்ஸிலும் என் பேரைச் சேர்த்தாயிற்று. அப்பா கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஆக, ஸ்டீயரிங் எனக்கு, இல்லாத பிரேக் அவருக்கு!

* * *

முதல் அரை மணி நேரம் அப்பா பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஹாரன் வேலை செய்யலையா?" என்றார்.

"செய்யுதுப்பா. இங்கே யாரும் அடிக்கிறதில்லை."

"அப்புறம் எப்படிடா ஓட்டுறது?"

ரவுண்டானாக்களைப் பார்த்து இன்னும் அசந்துபோனார். போலீஸ்காரர் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை. வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு வழி விட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். விடுகிறார்கள்! அதுதான் ஆச்சரியம்.

பி.காம்.காரனுக்குத் தலை சுற்றிய இடம் வேறு. தூரமெல்லாம் மைலில். பெட்ரோல் லிட்டரில். வண்டி என்ன கொடுக்கும் என்று கேட்டால், காலனுக்கு இத்தனை மைல் என்கிறார்கள். ஒரு காலன் நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதைக் கிலோமீட்டராக்கி, பவுண்டை ரூபாயாக்கி... இரண்டு ரவுண்டானா தாண்டுவதற்குள், கணக்குப் போடாமல் இருப்பதே லாபம் என்று புரிந்துவிட்டது.

* * *

பிரைட்டன் கடற்கரையில் எல்லோரும் ஐஸ்க்ரீம் தின்னப் போகிறார்கள். நான் அப்பாவை ஊருக்கு வடக்கே ஒரு புல்மேட்டுக்கு அழைத்துப் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு, ஆடு மேய்கிற சரிவில் நடந்துதான் போக வேண்டும். ஆளில்லாத வெளியில் வெள்ளைப் பளிங்கு மண்டபம் ஒன்று நிற்கிறது. பெயர் சத்ரி.

முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயம்பட்ட இந்திய சிப்பாய்களை, 1914-லிருந்து பிரைட்டன் ராஜ மாளிகையையே ஆஸ்பத்திரியாக்கி அங்கே வைத்து வைத்தியம் பார்த்தார்கள். மதம், ஜாதி பார்த்து ஒன்பது சமையலறைகள்! குண்டடி பட்டும் நம்மவர்கள் பந்தியை விட்டுக்கொடுக்கவில்லை. இறந்துபோன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்த மேட்டில்தான் தகனம் செய்தார்கள். 1921-ல் மண்டபம் திறந்தார்கள். பக்கத்தில் அந்த 53 பேரையும் கல்லில் பொறித்தது 2010-ல்தான்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படித்தார். "வீட்டுக்குக் கடுதாசி போய்ச் சேர எத்தனை நாள் ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

* * *

அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே செவன் சிஸ்டர்ஸ். கடலோரத்தில் சுண்ணாம்புப் பாறை, வெள்ளை வெளேரென்று சுவர் எழுப்பின மாதிரி நிற்கும். அலை அடித்து அடித்துக் கரை உள்வாங்கிக்கொண்டே வருகிறது. பர்லிங் கேப் என்ற இடத்தில் ஒரு வரிசை வீடுகளில் சிலது ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் விளிம்பில் நின்று முறை வரக் காத்திருக்கிறது. 'நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது' என்று எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் அடித்துச் சொல்வார். அவரை ஒரு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

அப்புறம் மேற்கே திரும்பி ஒரே ஓட்டம், லைம் ரீஜிஸ் வரை. அங்கே கடற்கரையில் மீன் வறுவலும் சிப்ஸும் வாங்கி உட்கார்ந்தோம். அப்பா முதல் வாய் வைப்பதற்குள் ஒரு கடற்காக்கை வந்து பாதியை அள்ளிக்கொண்டு போனது. "இங்கேயுமா?" என்று சிரித்தார். கொடைக்கானல் குரங்குகளோடு 28 வருஷம் பழகினவர் ஆயிற்றே!

இந்த ஊர் தச்சர் ஒருவரின் மகள் மேரி ஆனிங். 1811-12 வாக்கில், பன்னிரண்டு வயசில், இந்தப் பாறைகளிலிருந்து இக்தியோசார் என்ற கடல்வாழ் ஜந்துவின் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தவள். வாழ்நாள் முழுக்க எலும்பு பொறுக்கி விற்றே பிழைத்தாள். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அவளிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். ஆனால், லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-ல்தான். அவள் இறந்தது 1847. சிலை வைத்தது 2022.

அப்பா சிலையைச் சுற்றி வந்தார். "கையில தொழில் இருந்திருக்கு. அது போதும்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, சிலையைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை.

* * *

மூன்றாம் நாள் டெவனில் நுழைந்தோம். ஓர் இடத்தில் பலகை: 'பீர் 2'.

"போர்டு வெச்சே விக்கிறானுங்களா?" என்றார் அப்பா கடுப்பாக.

"அது ஊர் பேருப்பா! இன்னும் ரெண்டு மைல்."

நம்பாமல் பார்த்தார். சத்தியமாக ஊர்ப் பெயர்தான். பழைய ஆங்கிலத்தில் 'தோப்பு' என்று அர்த்தமாம்!

அந்தத் தோப்புக்குப் போகிற வழியில்தான் மாட்டிக்கொண்டேன். டெவன் சந்துகள் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வண்டி போகிற அகலம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதற்கு மேல் வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர், ஒதுங்க இடம் கிடைக்கிற வரை பின்னால் போக வேண்டும். நான் சரிவில் இறங்குகிறேன். கீழேயிருந்து டிரெய்லரில் வைக்கோல் கட்டுகளோடு ஒரு டிராக்டர் ஏறி வருகிறது. அவனுக்குப் பின்னால் இருபதடியில் ஒதுங்க இடம். எனக்கோ நூற்றைம்பது அடிக்கு மேல், அதுவும் ஒரு வளைவு தாண்டி.

"நியாயமா அவன்தானேப்பா பின்னால போகணும்?"

"மேலே ஏறுற வண்டிக்குத்தான்டா வழி. லோடு வேற வெச்சிருக்கான். நீ எடு பின்னால."

மாமா கொடுத்த இங்கிலாந்து சாலை விதிப் புத்தகத்தில் இது 155-வது விதி. மூன்று நாள் படித்த எனக்கு ஞாபகம் வரவில்லை. படிக்காத அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது! கொடைக்கானல் மலையிலும் அதே சட்டம்தானே.

ரிவர்ஸ் போட்டேன். வண்டி அணைந்தது. மறுபடி போட்டேன். கிளட்ச் கருகுகிற வாசனை. பக்கவாட்டுக் கண்ணாடி கரையில் உரச, கை நடுங்க ஆரம்பித்தது. அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கோபித்துக்கொண்டு ஊருக்கே நடந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது.

வண்டிக்குப் பின்னால் போய் டிக்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரோட்டைப் பார்க்காதே. கண்ணாடியில என் கையை மட்டும் பாரு. வா... வா... லேசா லெஃப்ட்ல ஒடி... ஆங்... நேராக்கு... வா, வா, வா... ஹோல்டான்!"

முப்பத்தேழு வருஷத்தில் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் டிரைவிங் பாடம். நூற்றைம்பது அடி நீளம்.

டிராக்டர் எங்களைக் கடந்தபோது அந்த டிரைவர் கையைத் தூக்கினார், என்னைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. அப்பாவும் தூக்கினார். மலைப் பாதையில் எதிரே வரும் பஸ்ஸுக்கு 28 வருஷம் தூக்கின அதே கை.

ஏறி உட்கார்ந்தார். ஒரு மைல் மௌனம். பிறகு, "நேரா ஓட்டுறதைவிட பின்னால நல்லாத்தான் ஓட்டுறே" என்றார்.

* * *

நாலாம் நாள், ஏ303 சாலையில் வீடு திரும்பினோம். அந்த ரோட்டிலிருந்தே ஸ்டோன்ஹெஞ்ச் தெரியும். அப்பா பார்க்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த ஒரே விஷயம். வழக்கம்போல அங்கே டிராஃபிக் ஊர்ந்தது. "அப்பா, அதோ..." என்று திரும்பினேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து... காலைப் பார்த்தேன். பிரேக்கில் இல்லை.

அந்தக் கற்கள் 4,500 வருஷமாக அங்கேதான் நிற்கின்றன. நான் எழுப்பவில்லை. கிளட்ச்சை அலுங்காமல் விட்டு மெதுவாக நகர்ந்தேன்.

ரெடிங்கில் இறங்கியதும், "அந்தக் கல்லு எங்கடா?" என்றார்.

"நாம வந்த வழியில இல்லப்பா!"

இந்த வாரம் இதைப் படித்தால் உண்மை தெரிந்துவிடும். படிக்கிறாரா, பார்ப்போம்.