புரியாத சட்டம் பிள்ளையைக் காக்குமா?

16.7.2004 அன்று குடந்தையில், பள்ளிக் கட்டடமொன்றின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 பிஞ்சுகளைத் தின்றது. அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளினின்று கீற்று இறங்கியது. 2009-இல் உச்ச அறமன்றம், அச்சமின்றிப் பயிலும் பாதுகாப்பும் குழந்தையின் அடிப்படை உரிமையே என்றது. கட்டட உறுதியையும் தீயணைக்கும் கருவிகளையும் கட்டாயமாக்கியது.

ஆனால், தீர்ப்பு உரைக்கப்பட்டது ஆங்கிலத்தில்! வாலாசாபாத்தில் பட்டுத்தறியில் அமர்ந்து உழைக்கும் தாய் அதனை எங்ஙனம் அறிவாள்? உரிமை இன்னதென்று அறியாதார், பொறுப்பை எவரிடம் கேட்பர்? கேட்பாரற்ற இடத்தில் கடமை உறங்கும், சான்றிதழ் விலைபோகும்.

கட்டட உறுதிச்சான்று, தீக்காப்புச்சான்று, அவை முடியும் நாள், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றை நற்றமிழில் பள்ளிதோறும் வாயிலில் எழுதிவைக்க அரசு ஆணையிடல் வேண்டும். பெற்றோர் அதனைக் கேட்டுப் பெறல் வேண்டும். தமிழில் சட்டம் என்பது வெறும் மொழிப்பற்றன்று. நம் பிள்ளைகளின் உயிர்க்காப்பு!