சென்னையைவிடத் திருச்சி பக்கம்

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். திருச்சிக்கு இன்னும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கூடும். எங்கே போனாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்பதால், எந்த டிக்கெட் மலிவோ அதை வாங்குகிறோம். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர் உள்ள குடும்பம் சென்னையில் இறங்கினால், பெட்டி படுக்கையோடு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போக வேண்டும். ஆறேழு மணி நேரம் ஆகும். திருச்சியில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர். வானத்தில் தூரம் கூடிய வழியே வீட்டுக்குக் குறுக்கு வழியாகிறது.

கடிகாரமும் நம்மை ஏமாற்றுகிறது. இங்கே காலை பத்து மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரை வாக்கில் சென்னையில் இறங்குகிறோம். ஒன்றரை மணி நேரப் பயணம்போல் இருக்கும். திரும்பும்போது ஆறரை மணி நேரம் போய்விடும். மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதுதான் காரணம்.

உண்மையில் நேரம் கரைவது தரையில்தான். பிரிக்பீல்ட்ஸ்காரருக்குக் கவலையில்லை: கே.எல். சென்ட்ரல் வாசலில் இருக்கிறது, விரைவு ரயில் 28 நிமிடத்தில் சிப்பாங் விமான நிலையத்தில் சேர்த்துவிடும். கிள்ளான்காரர் ரயிலை நம்பினால், தெற்கே இருக்கும் சிப்பாங்குக்கு முதலில் கிழக்கே போக வேண்டும். கொம்யூட்டரில் ஒரு மணி நேரம் கே.எல். சென்ட்ரல் வரை வந்து, அங்கே பெட்டிகளை இறக்கி, வேறு ரயிலில் ஏற்ற வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதையும் கூட்டினால், விமானம் கிளம்பும் முன்பே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் போயிருக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடிய ரஜூலா, சிதம்பரம் கப்பல்கள் கடலில் நாள்கணக்கில் ஊர்ந்தவைதான். ஆனால் பயணிகள் கிள்ளான் துறைமுகத்தில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள். இரு கரையிலும் வீடு பக்கத்தில் இருந்தது.

பழைய சுபாங் விமான நிலையத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன, பெரிய ஓடுபாதைகளுக்குச் சிப்பாங்கில்தான் இடம் கிடைத்தது என்பார்கள். சரிதான், 1998இல் நிலையத்தை அங்கே மாற்றியதை நான் குறை சொல்லவில்லை. நிலையத்தைத் தள்ளி வைத்தவர்கள் ரயில் பாதையை ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டதுதான் குறை. சென்னைக்கு விமானங்கள் அதிகம், கட்டணமும் குறைவு என்பது இன்னொரு வாதம். தனியாக, கைப்பையோடு போகிறவருக்கு அது பொருந்தும். நான்கு பேர் குடும்பம் வாடகை வண்டி, சாலைக் கட்டணம், வழியில் சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்த ரிங்கிட் விழுப்புரம் தாண்டுவதற்குள் தீர்ந்திருக்கும்.

தீபாவளிக்கு டிக்கெட் எடுக்கும்முன் வீட்டுக் கதவிலிருந்து ஊர்க் கதவு வரை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடமும் ஒன்றைக் கேளுங்கள்: கிள்ளானிலிருந்து சிப்பாங்குக்கு நேரடி ரயில் எப்போது?