மூடியைத் திறந்து பார்த்த பின்



சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். வீட்டிலுள்ள கணிப்பொறி பழையதாகிவிட்டது, விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடுகின்றன, ஆகவே புதியது வேண்டும் என்பது மகனின் வழக்கு. கடைக்காரர் சொன்ன விலை 85,000 ரூபாய். தந்தையிடம் இருந்ததோ சீட்டு எடுத்த 25,000. அதிலும் பெரும்பகுதி மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கியது.

"முழுப் பொறி வேண்டாம், சுவாமி. கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமாவது வாங்கித் தரச் சொல்லுங்கள்" என்றான் பையன்.

விளையாட்டே வீண் என்று நான் தீர்ப்புக் கூறுவேன் எனத் தந்தை எதிர்பார்த்தார் போலும். கேரம் பலகைக்கும் கால்பந்துக்கும் காசு கேட்டு நச்சரித்த தலைமுறையல்லவா நம்முடையது! அதை விடுத்து, "எந்த இடத்தில் திக்குகிறது, தம்பி?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்துக் கடைக்கு ஓடும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு.

கணிப்பொறி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு மறுநாள் அவர்கள் இல்லம் சென்றேன். பொறி 2017இல் வாங்கியது. இன்டெல் ஐ5-7400 பிராசசர், ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ என்னும் 4 ஜி.பி. கார்டு, ஒற்றை 8 ஜி.பி. ராம்; பழைய சுழல்வகை ஹார்டு டிஸ்க். மூடியைத் திறந்தால் விசிறியின் இறகுகளில் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. மூலையில் பல்லி முட்டையின் ஓடுகள் இரண்டு. பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சூடு எல்லை கடந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் நொண்டியதன் காரணம் இதுவே. தூசைத் துடைத்துப் புதுப் பசை தடவியதும் பாதி நோய் தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அந்த இளைஞர் ஒரு சோதனை செய்தார். எளிதான சோதனை, நீங்களும் செய்யலாம். பையன் ஆடும் கவுண்டர் ஸ்டிரைக் 2 விளையாட்டைத் திறந்து, நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் தோன்றுகின்றன என்று குறித்துக்கொண்டார். பின்னர் படத்தின் நுணுக்கத்தை, அதாவது ரெசல்யூஷனை, வெகுவாகக் குறைத்து மீண்டும் பார்த்தார். படத்தை வரைவது கார்டின் வேலை. அந்தச் சுமை குறைந்ததும் எண்ணிக்கை வெகுவாக ஏறினால், தடையாயிருப்பது கார்டு. ஏறாவிட்டால், கார்டுக்கு வேலை கொடுக்கும் பிராசசரே திணறுகிறது என்று பொருள். எண்ணிக்கை சிறிதளவே ஏறிற்று. பையன் முகம் வாடியது. ஏனெனில் அவன் கேட்ட புதுக் கார்டை மாட்டியிருந்தாலும் அந்த விளையாட்டு ஏறக்குறைய இப்படியேதான் ஓடியிருக்கும்! அன்றியும் அவன் விரும்பிய ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட் மின்சாரம் கொள்வது; பழையது 75 வாட்தான். புதியதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டுமென என்விடியா நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவனிடமிருந்ததோ மலிவான 400 வாட் பெட்டி. அதையும் மாற்றவேண்டும்.

அப்படியானால் பிராசசரை மாற்றலாமே எனலாம். இங்கேதான் மதர்போர்டு குறுக்கே நிற்கிறது. அதே 2017இன் இறுதியில் இன்டெல் வெளியிட்ட எட்டாம் தலைமுறை பிராசசர்களுக்கும் அதே 1151 என்ற பெயருடைய சாக்கெட்தான். ஆயினும் பழைய போர்டில் அவை இயங்கா. அந்தப் போர்டு ஏற்பதில் வலுவானவை ஐ7-7700 வகையே. அதுவும் அதே காலத்துப் பழையது. இதற்கு மாறாக, அதே ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 போர்டு வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். போர்டு செய்தவர் உரிய பயாஸ் புதுப்பிப்பை வெளியிட்டிருந்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600 பிராசசரை அதிலேயே பொருத்திவிடலாம். வாங்கும் நாளில் இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தந்தைக்கு வேறொரு கவலை. அதே பொறியில்தான் அவர் வங்கிக் கணக்கும் பார்க்கிறார். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. தனிநபர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டன. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் பட்டியலோ, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. வங்கி வேலையை இதிலிருந்து விலக்கிவிடுமாறு அவரிடம் உறுதியாகவே சொன்னேன். இலவசமான லினக்ஸை ஏற்றலாம் என்றார் இளைஞர். கவுண்டர் ஸ்டிரைக் 2 அதிலும் ஓடும், வேலரண்ட் ஓடாது.

ஆக, இந்தப் பொறியில் பெரும் பணத்தைக் கொட்டுவது தகாது. எனினும் இன்னும் ஓரிரு ஆண்டு உழைக்கும் பொறியைத் தூக்கி எறிவதும் தகாது. இவ்விரண்டு எல்லைகளுக்குள் கணக்குப் போட்டோம். முதலில் ஒரு எஸ்.எஸ்.டி. விளையாட்டு விரைந்து திறக்கும். ஓடும் வேகம் கூடாது. அதை ஒளிக்காமல் பையனிடம் சொல்லிவிட்டோம். ஆனால் நாளை வாங்கும் புதுப் பொறியிலும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். இரண்டாவதாக இன்னொரு 8 ஜி.பி. ராம். இது டி.டி.ஆர்.4 வகை, டி.டி.ஆர்.5 கேட்கும் புதுப் போர்டில் நுழையாது. எனவே புதிதாக வாங்கவேண்டாமென்று, பழுதான பொறி ஒன்றிலிருந்து இளைஞர் கழற்றி வைத்திருந்ததைச் சோதித்து வாங்கினோம். 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் ராம் விலை ஏறிய ஏற்றம் பலரும் அறிந்ததே. மொத்தச் செலவு 8,000 ரூபாய்க்குள் அடங்கியது.

பழைய கார்டு வாங்க எண்ணுவோருக்கு ஒரு சொல். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயத்தைக் கணிப்பொறிகளால் தோண்டும் முறை நின்றபோது, இரவு பகலாக உழைத்துத் தேய்ந்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அரை மணி நேரமாவது கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லிப் பிறகு பணத்தைக் கொடுங்கள்.

மகளின் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. மீதியைத் தந்தை அடுத்த சீட்டுக்கு வைத்திருக்கிறார். பையனுக்கு முழு மனநிறைவு என்று சொல்லமாட்டேன். 2024இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் வன்பொருள் கார்டிலேயே இருக்கவேண்டும். அவன் கார்டில் அது இல்லை. ஆகவே சனிக்கிழமைகளில் நண்பன் வீட்டுக்குப் போய் ஆடுகிறான். இரவு எட்டு மணிக்குள் திரும்பவேண்டுமென்பது தந்தை விதித்த நிபந்தனை. ஒன்பது ஆக்கித் தருமாறு தந்தையிடம் பேசச் சொல்லி, சென்ற ஞாயிறு மறுபடியும் என்னிடம் வந்து நின்றான்.