வானத்தில் ஒரு மணி; தரையில் எத்தனை மணி?

சேலத்தில் இருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அதை நம்பி, "ஒரே மணியில் சென்னை போய்விடலாம்" என்று சங்ககிரியில் ஒருவர் நினைத்தால், ஏமாந்து போவார்.

ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சேலம் விமான நிலையம் நகருக்குள் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். ரெயில் பாதையோ, சேலம் ஜங்ஷனில் இருந்து சென்டிரல் வரை 334 கிலோமீட்டர். ரெயில் ஜோலார்பேட்டை, காட்பாடி என்று சுற்றிப் போகிறது. விமானமோ சேர்வராயன் மலை குறுக்கே நின்றாலும் அதற்கு மேலே பறந்துவிடும்.

இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம். அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர். அப்படியானால் அரை மணி போதுமே, ஒரு மணி எதற்கு?

விமானம் முதலில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. சென்னையில் இறங்க, வானத்திலேயே முறைக்குக் காத்திருக்கவும் நேரலாம். எல்லாம் சேர்ந்துதான் ஒரு மணி.

லாரித் தொழிலுக்குப் பேர்போன சங்ககிரிக்கு இது புதிய பாடம் அல்ல. மும்பைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டு எந்த லாரிக்காரரும் நாள் சொல்வது இல்லை. சுங்கச்சாவடி, மலைப்பாதை, சரக்கு ஏற்றி இறக்கும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்வார்.

நாமும் அப்படியே கூட்டுவோம்.

சங்ககிரியில் இருந்து காமலாபுரத்துக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி. சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி. பயணம் ஒரு மணி. பெட்டியை வாங்கி வெளியே வர அரை மணி. மெட்ரோ ரெயிலில் சென்டிரல் போக முக்கால் மணி. ஆக மொத்தம் நாலே முக்கால் மணி!

2023 ஏப்ரல் முதல் ஓடும் வந்தே பாரத் ரெயில், சேலத்தில் இருந்து ஏறக்குறைய நான்கு மணியில் சென்டிரலில் இறக்கிவிடுகிறது. சங்ககிரியில் இருந்து சேலம் ஜங்ஷன் போக ஒரு மணி வைத்தாலும் ஐந்து மணிதான். வித்தியாசம் கால் மணி!

அப்படியானால் விமானம் வீணா? இல்லவே இல்லை. சென்னையில் டில்லிக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் மாறுகிறவருக்கு அது பெரிய உதவி. மீனம்பாக்கத்திலேயே இறங்கி, அங்கேயே ஏறிக்கொள்ளலாம்.

2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் தொடங்கிய சேலம் விமானம் சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. வந்த விமானம் நிலைக்க வேண்டும். அதற்கு ஜனங்கள் ஏற வேண்டும். ஏற வேண்டுமானால், தரையில் வீணாகும் நேரமும் செலவும் குறைய வேண்டும்.

விமான நேரத்தை ஒட்டி சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் ஊர்களில் இருந்து காமலாபுரத்துக்குப் பஸ் ஓடட்டும். வாடகைக் கார் பிடிக்க வசதி இல்லாத குடும்பமும் அப்போது விமானம் ஏறும்.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கோ, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கோ போகிறீர்களா? டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். வீட்டு வாசலில் இருந்து கணக்கைத் தொடங்குங்கள்!