‘உலகில் 2 பேர் மட்டுமே பேசிய மொழி’: வைரல் கதையின் உண்மை என்ன? மெக்சிகோவின் மிஹே, சோக்கே மொழிகளுக்கு என்ன ஆகிறது?

மெக்சிகோவில் ஒரு மொழி. அதைப் பேசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு முதியவர்கள்தான். அந்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 2011-ல் உலகம் முழுக்க வைரலான செய்தி இது. 2014-ல் ஒரு டெலிகாம் நிறுவனம் அந்த இருவரையும் ‘சேர்த்து வைப்பது’ போல விளம்பரமே எடுத்தது.

கேட்க சுவாரஸ்யமான கதைதான். ஆனால் உண்மை வேறு. அது தபாஸ்கோ மாநிலத்தின் அயாபா என்ற ஊரில் பேசப்படும் அயாபனேகோ மொழி. அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மொழியியலாளர் டேனியல் சஸ்லாக் உள்ளிட்டோர் இந்தக் கதையை மறுத்தார்கள். மொழி தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள், பகைக் கதை ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்பதே அவர்கள் சொன்னது.

இரண்டு பேர் பேசாமல் போனதால் அந்த மொழி நலியவில்லை. அப்படியானால் எதனால்?

மிஹே - சோக்கே என்றால் என்ன?

இது ஒரே மொழி இல்லை, ஒரு மொழிக்குடும்பம். தெற்கு மெக்சிகோவின் வாஹாகா, வெராக்ரூஸ், சியாபாஸ், தபாஸ்கோ மாநிலங்களில் பரவியிருக்கிறது. மிஹே மக்கள் தங்கள் மொழியை ‘அயூக்’ என்று சொல்வார்கள். அயாபனேகோ, இதே குடும்பத்தின் சோக்கே கிளையைச் சேர்ந்தது.

2020 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி மிஹே பேசுபவர்கள் சுமார் 1,39,000 பேர். சோக்கே பேசுபவர்கள் சுமார் 74,000 பேர். பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ‘மிஹே’, ‘சோக்கே’ என்ற பெயர்களுக்குள் ஒருவருக்கொருவர் புரியாத பல மொழிகள் இருக்கின்றன. ஓர் ஊரில் குழந்தைகள் தெருவில் பேசி விளையாடும் மொழி, இன்னோர் ஊரில் தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டது. அதே குடும்பத்தின் அயாபனேகோ, ஒலுதெக்கோ மொழிகளைத் தெரியும் என்று சொன்னவர்கள் தலா 100 பேர்கூட இல்லை. அவர்களிலும் எல்லோரும் சரளமாகப் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது.

இதற்கும் சாக்லேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மெக்சிகோ வளைகுடா கரையில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்கள் ஒல்மெக் மக்கள். பிரம்மாண்டமான கல் தலைகளைச் செதுக்கியவர்கள். அவர்கள் பேசிய மொழி என்ன?

1976-ல் லைல் காம்ப்பெல், டெரன்ஸ் காஃப்மன் என்ற இரு மொழியியலாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். மாயா உள்ளிட்ட பக்கத்து மொழிகளில் கலந்திருக்கும் பழைய கடன் சொற்கள் பலவும் மிஹே - சோக்கே குடும்பத்திலிருந்து போனவை; எனவே ஒல்மெக் மக்களில் பலர் இந்த மொழியைத்தான் பேசியிருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் காட்டிய சொற்களில் ஒன்று ‘கக்காவ்’. இன்றைய ‘கோகோ’வின் மூலச் சொல். சாக்லேட் தயாராவது இதிலிருந்துதான்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ‘கக்காவ்’ வேறு மொழிக்குடும்பத்தின் சொல் என்ற வாதமும் உண்டு. இதேபோல, 1986-ல் வெராக்ரூஸில் கிடைத்த லா மொஹார்ரா கல்வெட்டைப் பழைய சோக்கே மொழியாகப் படித்துவிட்டதாக ஜான் ஜஸ்டெசனும் காஃப்மனும் 1993-ல் அறிவித்தார்கள். 2003-ல் மைக்கேல் கோ, ஸ்டீபன் ஹூஸ்டன் இருவரும் அதை மறுத்தார்கள். விவாதம் முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 2,000 ஆண்டு பழைய கல்வெட்டைப் படித்தது சரியா தவறா என்று சோதிக்க, இன்று உயிரோடு இருக்கும் மொழிகள்தான் அளவுகோல். அவை பதிவாகாமல் மறைந்தால் சோதிக்கும் வழியும் போய்விடும்.

‘பதிவு செய்வது’ என்றால் என்ன செய்வார்கள்?

செல்போனில் நாலு வார்த்தை ரெக்கார்டு பண்ணுவது மட்டும் இல்லை. அகராதி, இலக்கணம், கதைகள், அன்றாட உரையாடல்கள் என்று எல்லாம் வேண்டும். ஜஸ்டெசன், காஃப்மன், ரொபெர்தோ சவாலா மூவரும் 1990-களில் தொடங்கிய மீசோஅமெரிக்க மொழிகள் ஆவணத் திட்டம், இந்தக் குடும்பத்து மொழிகளில்தான் வேலையை ஆரம்பித்தது.

காது கொடுத்துக் கேட்கவே தனிப் பயிற்சி வேண்டும். குறில், நெடில் என இரண்டு அளவு நமக்குப் பழக்கம். கோவாட்லான் ஊர் மிஹே மொழியில் உயிரொலிக்கு மூன்று அளவு உண்டு என்று 1959-லேயே ஆய்வுக் கட்டுரை வந்தது. அளவு மாறினால் பொருள் மாறிவிடும். அதற்கு மேல், மூச்சு கலந்து சொல்வதா, தொண்டையை இறுக்கிச் சொல்வதா என்ற வேறுபாடும் இருக்கிறது.

இலக்கணமும் அப்படித்தான். ‘நான் அவனைப் பார்த்தேன்’ என்பது மிஹே மொழிகளில் சாதாரண வினை. ‘அவன் என்னைப் பார்த்தான்’ என்றால் வினைக்குத் தனி அடையாளம் சேரும். பேசுபவர் மேல்படியில், மற்றவர் கீழ்படியில் என்பது கணக்கு. கீழிருந்து மேலே வரும் செயலுக்குத் தனி வடிவம்.

அப்புறம் ஏன் குறைகிறது?

முதல் காரணம் பள்ளிக்கூடம். 20-ம் நூற்றாண்டில் ஸ்பானிஷ் மட்டுமே கல்வி மொழி என்றானபோது, வீட்டு மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. அடி வாங்கி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசினார்கள். அயாபாவில் நடந்ததும் இதுதான். 1970-களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்வதும் சேர்ந்துகொண்டது.

சோக்கே மக்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 1982 மார்ச் 28-ல் சியாபாஸில் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். சோக்கே கிராமங்கள் புதைந்தன, பல ஆயிரம் பேர் வெவ்வேறு ஊர்களில் குடியேற்றப்பட்டார்கள். பேசுவதற்குப் பக்கத்து வீடு மாறினால் பேச்சும் மாறத்தானே செய்யும்?

2020 கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் 3 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பூர்வகுடி மொழி பேசியவர்கள் 6.1% மட்டுமே.

இனி யார் கையில்?

2003-ல் வந்த மொழி உரிமைச் சட்டம், பூர்வகுடி மொழிகளையும் ஸ்பானிஷ் போலவே தேசிய மொழிகளாக அங்கீகரித்தது. சட்டம் வந்தும் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் கைதான் ஓங்கியிருக்கிறது.

இதைத்தான் மிஹே மொழியியலாளர் யாஸ்னயா எலேனா அகிலார் கில் 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்திலேயே, தன் தாய்மொழியிலேயே பேசினார். மொழிகள் தானாகச் சாகவில்லை, அரசின் கொள்கைகள்தான் அவற்றை ஒழித்துக்கட்டுகின்றன என்பது அவர் வாதம். சியாபாஸின் மிகேயாஸ் சான்செஸ் சோக்கேயில் கவிதை எழுதுகிறார். சோக்கே நிலங்களைக் காக்கும் போராட்டத்திலும் நிற்கிறார். மிஹே மலை ஊரான த்லாவிதோல்தெபெக்கில் சமூக வானொலி நடக்கிறது.

வெளியிலிருந்து வந்து பதிவு செய்த ஆய்வுகளுக்கும் இவர்களின் வேலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அகராதி ஒரு மொழியின் நினைவைக் காப்பாற்றும். பேசும் ஆளை அது உருவாக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் அகராதி ஊர்ப் பிள்ளைகள் கைக்கு வரும்போது இரண்டு வேலையும் ஒன்றாகச் சேரும்.

2022 முதல் 2032 வரை பூர்வகுடி மொழிகளுக்கான பத்தாண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. 2032-ல் எத்தனை அகராதி வந்தது என்று எண்ணிச் சொல்வது சுலபம். எத்தனை வீடுகளில் அம்மாவும் அப்பாவும் பிள்ளையிடம் பயமில்லாமல் மிஹே, சோக்கே பேசுகிறார்கள் என்பதுதான் உண்மையான ரிசல்ட்.