நரேஷன் எங்கேப்பா?

பி.காம். படித்தவர்களுக்கு இந்த வலி தெரியும். ஜர்னல் என்ட்ரி போட்டு, டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆகி, மிதப்பாக உட்கார்ந்திருப்போம். புரொபஸர் அரை மார்க் குறைத்திருப்பார். கேட்டால், "நரேஷன் எங்கேப்பா?" என்பார். என்ட்ரிக்கு அடியில் 'பீயிங் கேஷ் பெய்டு...' என்று எழுதுகிற அந்த ஒற்றை வரி. எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை எதற்கு எழுதணும் என்பதுதான் கடைசி பெஞ்சின் ஏகோபித்த கருத்து.

அந்த ஒற்றை வரிக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. காரணம், ஏஜெண்ட். (இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் இல்லை, தைரியமாகக் கதவைத் திறக்கலாம்.) ஏ.ஐ. ஏஜெண்ட். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்த சமாச்சாரம், இப்போது வேலையே பார்க்கிறது. பில் போடு என்றால் போடுகிறது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் கொடுக்கிறது.

கையும் காலும் இல்லாமல் எப்படி? நாம்தான் டூல் கொடுக்கிறோம். ஸ்பானர், திருப்புளி வகையறா இல்லை, சின்னச் சின்ன புரோகிராம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், என்ன செய்யும் என்று நாலு வரி, என்னென்ன விவரம் தரவேண்டும் என்று ஒரு பட்டியல். ஓப்பன்ஏஐ 2023 ஜூனில் தன் மாடல்களுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி, எம்.சி.பி. என்று பொதுவாக ஒரு பிளக் பாயின்ட் மாதிரி வெளியிட்டது. அந்த முறைப்படி செய்த டூலை வேறொருவர் செய்த ஏஜெண்டிலும் செருகலாம்.

செருகலாம், சரி. ஆனால் ஏஜெண்ட் பெரும்பாலும் புரோகிராமுக்கு உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை ஸார். அதற்குத் தெரிந்த உலகமெல்லாம் அந்த நாலு வரிதான்.

ஒரு உதாரணம். ரேஸர்பே, ஸ்ட்ரைப் மாதிரி பேமென்ட் கம்பெனிகளின் சிஸ்டத்தில் தொகையை ரூபாயில் கொடுக்கக் கூடாது, பைசாவில் கொடுக்க வேண்டும். ரூ.500 என்றால் 50000. அவர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இதை வைத்து ஒரு பையன் தன் ஆபீஸுக்காக ரீஃபண்ட் டூல் ஒன்று செய்கிறான் என்று வையுங்கள். 'தொகை: எண்' என்று மட்டும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஏஜெண்ட் 500 என்று போடுகிறது. கஸ்டமருக்கு அஞ்சு ரூபாய் போய்ச் சேருகிறது!

இதாவது பரவாயில்லை. கஸ்டமர் சண்டைக்கு வருவார், தெரிந்துவிடும். ரூபாயில் கேட்கிற இன்னொரு டூலுக்கு, பைசா என்று நினைத்து 50000 போட்டால்? அந்த கஸ்டமர் சத்தமே போட மாட்டார்.

மனுஷ கிளார்க் என்றால் பக்கத்து சீட்டில், "அண்ணே, இது ரூபாயா பைசாவா?" என்பார். ஏஜெண்டும் கேட்கலாம். ஆனால் பல சமயம் கேட்பதில்லை. இண்டர்வியூவுக்கு வந்த ஆள் மாதிரி, தெரியாததையும் தெரிந்த முகத்தோடு அடித்துவிடும்.

தேதி இன்னொரு தலைவலி. 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கக்காரனுக்கு மார்ச் 4. நடுவில் மார்ச் 31 உட்கார்ந்திருக்கிறது. ஒரே பில், இரண்டு நிதியாண்டு! 'வருஷம்-மாசம்-நாள், இப்படி: 2025-04-03' என்று டூலில் ஒரு வரி இருந்தால் ஆடிட்டருக்கு பி.பி. ஏறாது.

மனுஷர்களும் சளைத்தவர்கள் அல்ல. நாஸாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23-ல் செவ்வாய்க்குப் பக்கத்தில் தொலைந்தது. ஒரு சாஃப்ட்வேர் பவுண்டுக் கணக்கில் கொடுத்த எண்ணை, அடுத்தது நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் மெட்ரிக்கில்தான் தரவேண்டும் என்று ஸ்பெசிஃபிகேஷனில் எழுதியிருந்தது. ஆகவே எழுதினால் மட்டும் போதாது, எழுதியபடி புரோகிராம் நடக்கிறதா என்று ஓட்டியும் பார்க்கணும்.

தப்பான விவரம் கொடுத்தால் டூல் என்ன சொல்கிறது என்பதும் முக்கியம். 'எர்ரர் 400' என்று மொட்டையாகச் சொன்னால் ஏஜெண்ட் அதே தப்பை மறுபடி செய்யும். 'தொகை பைசாவில், முழு எண்ணாக வேண்டும்' என்றால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளும். பஸ்ஸில் "இறங்கு" என்று மட்டும் கத்தும் கண்டக்டருக்கும், "அடுத்த ஸ்டாப்புல இறங்கி 12-ஐப் பிடிங்க" என்பவருக்கும் உள்ள வித்தியாசம்.

எதைச் செய்யக் கூடாது என்று எழுதுவதுதான் கஷ்டம். 1971-ல் பெல் லேபில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸுக்கு எழுதிய கையேட்டில், கட்டளைகளின் குறைகளைச் சொல்ல 'பக்ஸ்' என்றே ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். என்ன ஒரு நேர்மை! இன்றைய டூல்களில் 'ஆர்டர் கேன்சல்', 'ஆர்டர் டெலீட்' என்று இரண்டு இருக்கும். எதை எப்போது என்று ஒரு வார்த்தை இருக்காது. "பில் போட்டப்புறம் டெலீட்டைத் தொடாதீங்க தம்பி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்ல இடிக்கும்" என்பது புரோகிராமருக்குத் தெரியாது. அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் இருபது வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். அவர் மண்டையில் இருப்பது அங்கேயே இருக்கும்வரை ஏஜெண்ட் டெலீட் பண்ணிக்கொண்டே இருக்கும்.

"எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா நம்ம சீட்டு என்னய்யா ஆகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். சில சீட்டுகள் காலியாகும், அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எழுதினது அப்படியே நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறி, பெரும்பாலான சாமான்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்தன. அன்று காலை '12 சதவிகிதம் போடவும்' என்று எந்த டூலில் எங்கே எழுதியிருக்கிறது என்று தெரிந்த ஆள் ஆபீஸில் இருந்தாக வேண்டும். அது நீங்களாக இருந்தால், திருத்திய வரிக்குப் பக்கத்தில் தேதியும் இனிஷியலும் போட்டு வையுங்கள். இன்கிரிமென்ட் சமயத்தில் காட்ட உதவும்.