பேட்டரி தீர்ந்தால் நிற்கும் மொழி

வடசென்னையையும் மின்சாரத்தையும் சேர்த்து நினைத்தால் நமக்குப் புகைபோக்கிகளும் சாம்பலுமே கண்முன் வருகின்றன. 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் திறன் 450 மெகாவாட். ஊருக்கெல்லாம் மின்சாரம் தந்த அந்தக் கரையில், ஒரு குழந்தையின் மொழி சில மில்லிவாட்டுகளை நம்பியிருக்கக்கூடும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியைத்தான் சொல்கிறோம். 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இது இலவசம். பல லட்ச ரூபாய்க் கருவி காசிமேட்டு மீனவர் வீட்டுக்கும் திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளி வீட்டுக்கும் எட்டும்படி ஆனது சிறிய காரியமன்று.

காதுக்குப் பின்னால் இருக்கும் பகுதி ஒலியை வாங்கிப் பகுத்து, தோலைத் துளைக்காமல் காந்தத் தூண்டல் மூலம் உள்ளே அனுப்புகிறது. பெரும்பாலான கருவிகளில் உள்ளே பேட்டரி கிடையாது. மின்சாரமும் செய்தியும் ஒரே வழியில்தான் போகின்றன. உட்செவியின் நத்தைச்சுருளில் செருகிய 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் கேள்வி நரம்பைத் தூண்டுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் ஈடான எதிர்த்துடிப்பு வேண்டும். மின்னூட்டம் தேங்கினால் திசு கெடும். கருவியின் மேற்பரப்பு உடல் வெப்பத்தைவிட 2 டிகிரிக்கு மேல் சூடாகவும் கூடாது. ஆகவே, குறைந்த மின்சாரத்தில் இயங்குவது இங்கே வெறும் சிக்கனமல்ல, பாதுகாப்பும்கூட.

இந்தியாவில் பிறந்த ராகுல் சர்பேஷ்கர், எம்.ஐ.டி.யில் தம் குழுவினரோடு உருவாக்கி 2005இல் வெளியிட்ட ஒலிப்பகுப்புச் சில்லு வெறும் 211 மைக்ரோவாட்டில் இயங்கியது. ஒலியை முதலிலேயே எண்களாக மாற்றிக் கணக்கிடாமல், டிரான்சிஸ்டரின் இயல்பான மின்னோட்டத்தையே கணக்கிட விட்டதுதான் அதன் சூட்சுமம். வழக்கமான முறையைவிட ஏறத்தாழ 25 மடங்கு சிக்கனம் என்று அக்குழு கணக்கிட்டது.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மொழிதான் இருக்கிறது. பேச்சைக் கற்க மூளை காத்திருக்கும் வயது சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்த நாளெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தமிழ் இல்லாத நாள்தான். பல கருவிகளில் போடும் துத்தநாக-காற்று பேட்டரி சில நாள்தான் வரும். அது காற்றை உள்வாங்கி இயங்குவதால், ராயபுரம் போன்ற கடற்கரைப் பகுதியின் ஈரக்காற்று அதன் ஆயுளைக் குறைக்கும். ரீசார்ஜ் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. வெளிப்பகுதியின் கம்பியும் சுருளும் தேயக்கூடியவை.

அறுவைச் சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும்; செவி வாழ்நாள் முழுதும் வேண்டும். அரசு கருவியை வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், அது எவ்வளவு மின்சாரம் தின்னும், பத்தாண்டுக்கான பேட்டரிக்கும் உதிரிப் பாகத்துக்கும் எவ்வளவு ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தச் செலவும் பேச்சுப் பயிற்சியும் காப்பீட்டின் பகுதியாகவே இருக்க வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் குறைமின் சுற்று வடிவமைப்பைப் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடத் தகுந்த வேலை வேறில்லை. கேட்க வைத்தபின் மௌனத்துக்குத் திருப்பி அனுப்புவது, கேட்க வைக்காமல் இருப்பதைவிடக் கொடியது என்றே நாம் கருதுகிறோம்.